நாலு மணி நகல்

செப்டம்பர் 18, வியாழக்கிழமை. காலை 5.15க்கு எழுந்தேன். பால் வாங்கினேன். 7.40க்குக் கம்பெனி வேன். 8.25க்கு, ஏழாயிரம்பண்ணை தாண்டி எங்கள் பட்டாசு ஆலை அலுவலகத்தில் கையெழுத்து. எல்லா வியாழக்கிழமையும் இப்படித்தான். அன்று பிற்பகல் 2.30க்கு மட்டும் எனக்கு ஒரு பரீட்சை இருந்தது.

எங்கள் சர்வர் ஒரே ஒரு பெட்டி. அதற்குள் நான்கு கம்ப்யூட்டர்கள் இருப்பதாக ஒரு மென்பொருள் பாவனை செய்யும்: வருகைப்பதிவுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று, லாரி லோடுக்கு ஒன்று. எதற்கு எவ்வளவு நினைவகம், எது எந்த இணைப்பில் ஓடும் என்ற விவரமெல்லாம் என் நோட்டில் இருந்தது. பெட்டி படுத்துவிட்டால் நான் வந்து, நோட்டைப் பார்த்து, நான்கையும் மறுபடி கட்ட வேண்டும். ஆகவே தீபாவளி சீசனில் எனக்கு லீவு கிடையாது. கல்யாணமாகிப் பதினேழு வருடமாக, கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்கிறாள். சூரியன் தன் வேலையைத் தவறாமல் செய்தது. நாங்கள்தான் போகவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நிரல் எழுதினேன். தினமும் மாலை 4 மணிக்கு, வேலை ஓயும் நேரத்தில், அது தானாகவே நான்கின் அமைப்புகளையும் நகலெடுத்து வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் போடும். முழுதும் முடிய இருபத்தைந்து நிமிடம். திரும்பக் கொண்டுவர ஒரே ஒரு கட்டளை. நகல் எடுத்தால் என் போனுக்குச் 'சரி' என்று செய்தி வரும். முதல் நாள் திறந்து பார்த்தேன், நான்கும் இருந்தன. பிறகு தினமும் 'சரி' வந்தது. நானும் தினமும் நாட்குறிப்பில் 'சரி' என்று எழுதினேன்.

வெள்ளி, சனி லீவு கேட்டபோது மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க இல்லாமலே அது திரும்பி வரணும். வேற ஆள் செய்யணும். நீங்க வெளிய நின்னு கண்ணாடி வழியாப் பாத்துக்கிடுங்க. வாயத் தொறந்தா லீவு கேன்சல்."

வேறு ஆள் என்று அவர் பிடித்தது குடோன் சூப்பர்வைசர் அக்காவை. லோடு ஏற்றும் லாரிக்காரர்களை அதட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சர்வர் அறைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. ஓடும் சர்வரைத் தொடாமல், காலியாக இருந்த பழைய பெட்டியில் செய்து பார்ப்பதாக ஏற்பாடு. நான் எழுதிய ஒரு பக்கத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் கட்டளையைத் தட்டினார். நான் வெளியே டீ கிளாஸோடு நின்றேன்.

ஒன்று வந்தது. இரண்டு. மூன்று. அத்தோடு நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, மூணு பிள்ளை வந்துருச்சு. நாலாவதக் காணோமே! லோடுப் பிள்ளைதான் வரல. எங்கயாவது தொலைச்சிட்டீகளா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

"கையும் ஆட்டக் கூடாது" என்றார் மேனேஜர். பிறகு இரக்கப்பட்டு உள்ளே விட்டார். "பாத்தீகளா, உங்கள நம்பித்தான் அது இருக்கு. பொங்கலுக்குப் பொறவு போங்க."

இதுவரை எடுத்த எல்லா நாள் நகல்களையும் வரிசையாகத் திறந்தேன். ஒரு நாள் மூன்று, ஒரு நாள் இரண்டு. நான்கு இருந்தது முதல் நாள் மட்டும். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அன்னைக்கு நாலு அஞ்சுக்கே இடிச்சுதுல்லா? நான்தான் ஓடிப்போயி மெயின அணைச்சேன். நீங்களும்தான் எங்கூட வெளிய நின்னீக."

நின்றேன்தான். மின்னல் விழுந்தால் பட்டாசு மருந்து வெடித்துவிடும் என்பதால், மேற்கே முதல் இடி கேட்டதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரும் வெளியேறி வெட்டவெளி தாண்டிப் போய் நிற்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அலுவலகத்துக்கும் அதே சட்டம். கரண்ட் போனதும் சர்வர் பேட்டரியில் ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த நகலும் அங்கேயே அறுந்துவிடும். இந்த மாதம் முழுக்க நாலு மணிக்குத்தான் மேகம் கூடுகிறது. வேன் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுகிற நான், இதை ஒரு நாளும் எழுதவில்லை. மழைக்குக் குடை விரித்ததை யாராவது எழுதி வைப்பார்களா? என் நிரலின் புத்தியும் என்னைப் போலத்தான். முதல் கோப்பு உருவானதுமே 'சரி' என்று அனுப்பிவிட்டு நிம்மதியாகிவிட்டது.

நேரத்தைக் காலை பத்துக்கு மாற்றினேன். நான்கையும் எண்ணிப் பார்த்த பிறகே 'சரி' சொல்லும்படி இரண்டு வரி சேர்த்தேன். 3.20க்குப் புது நகலை ஓடவிட்டபோது மேற்கே கறுத்துவிட்டது. அக்கா எழுந்துபோய் மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அக்கா, ஒரு இருபத்தஞ்சு நிமிசம்..."

"உங்க கன்னியாகுமரிக்காக நான் வெடிச்சுப் போகவா? இடிச்சா அணைச்சிருவேன், இப்பமே சொல்லிட்டேன்."

3.46க்கு போனில் 'சரி' வந்தது. 3.52க்கு இடித்தது. அணைத்தார். எல்லாரும் வெளியே போய் நின்றோம்.

மழை விட்டு, 5.10க்கு அக்கா மறுபடி ஒற்றை விரலால் தட்டினார். நான் மறுபடி கண்ணாடிக்கு வெளியே. நான்காவதும் வந்தது. "லோடு வந்துருச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற லாரிக்காரர் உண்மையிலேயே வண்டியைப் பின்னால் எடுத்தார்.

மேனேஜர் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாங்க. போனை மட்டும் அணைச்சிராதீக."

"சூரியன் வர்ற நேரம் அணைச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் அக்கா. "தாளு எங்கிட்ட இருக்குல்லா."

வெள்ளிக்கிழமை காலை 4.50க்கு எழுந்தேன். முதல் வேலையாக, பயணப் பையில் வேட்டிக்கு அடியில் மனைவிக்குத் தெரியாமல் நான் ஒளித்து வைத்திருந்த மடிக்கணினியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.