குளிர்ந்த விடியலில் நூற்றாறு வோல்ட்

அந்தத் தெருவில் எல்லாரும் அவரை மீட்டரம்மா என்றே அழைத்தார்கள். கழுத்தில் மின்சாரம் அளக்கும் மஞ்சள் மீட்டர் தொங்காமல் அவரைப் பார்த்தவர் எவரும் இல்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இவ இதத்தான் வச்சுப் பாப்பா" என்று, அவர்களது சோலார் கடையைக் கவனித்துக்கொள்ளும் கணவர் வருவோர் போவோரிடம் கேலி செய்வார்.

பதினாறு ஆண்டுகளாகக் கூரைகளில் சோலார் பேனல் பொருத்தி வந்த மீட்டரம்மா, தம் மீட்டர் காட்டும் எண்ணை மட்டுமே நம்பினார். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "அது கம்பெனிக்காரன் பேச்சு. இது கூரை பேசற பேச்சு" என்பார்.

அன்று காலை, தெருமுனைத் தையல்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று மின்சாரத்தை அளந்து விடும் சார்ஜ் கன்ட்ரோலர் அது.

"நீங்க மாட்டி எட்டு மாசம்கூட ஆகல. இன்னிக்கு வெயில் பட்டதும் பட்டுனு ஒரு சத்தம். ஆள் காலி."

"மழை கிழை உள்ள இறங்குச்சா?"

"மழையா? வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. குளிருலதான் பல்லு தந்தியடிக்குது."

மீட்டரம்மா திருகாணிகளைக் கழற்றினார். பேனல் கம்பிகள் நுழையும் இடத்தில் மட்டும் கருகியிருந்தது. ஆம்பியர் மிகுந்திருந்தால் பெட்டி மெல்லச் சூடேறிக் கெட்டிருக்கும். இது ஒரே நொடியில் வெடித்திருந்தது. அப்படியானால் மிகுந்தது வோல்ட். அவர் எழுந்து போய், பின்னறையில் சாய்த்து வைத்திருந்த அதே வகைப் பேனலைத் திருப்பி, அதன் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முப்பத்து மூன்று வோல்ட். அதற்குக் கீழே பொடி எழுத்தில், சூடு ஏறினால் எவ்வளவு குறையும், குளிர்ந்தால் எவ்வளவு கூடும் என்ற கணக்கு.

ஆம்பியரில் அவர் பிழை செய்யவில்லை. அறுநூறு வாட்டை பேட்டரியின் இருபத்து நான்கு வோல்ட்டால் வகுத்து, மேலும் கால் பங்கு சேர்த்து, முப்பத்தொன்று வந்ததால் அதற்கு அடுத்த அளவான நாற்பது ஆம்பியர் பெட்டியைத்தான் எடுத்திருந்தார். ஆனால் வோல்ட்டைக் கோடையின் உச்சி வெயிலில் அளந்திருந்தார். தொடராக இணைத்த மூன்று பேனல்களுக்கும் சேர்த்து மீட்டர் எண்பத்தேழு காட்டியது. பெட்டி நூறு தாங்கும். பதின்மூன்று மிச்சம் என்று நிம்மதியாக இறங்கி வந்துவிட்டார். அதே மூன்று பேனல்கள் இன்றைய குளிரில் நூற்றாறைத் தொட்டிருக்கும். நூற்றைம்பது தாங்கும் பெட்டியல்லவா போட்டிருக்க வேண்டும்!

அவர் வேலைக் குறிப்பேட்டைப் புரட்டினார். அதே வாரத்தில், அதே மூன்று பேனல்களோடு அதே அளவுப் பெட்டியைத்தான் பிரசவ மருத்துவமனையிலும் மாட்டியிருந்தார். தடுப்பு மருந்துகள் இருக்கும் குளிர்பெட்டி அதை நம்பித்தான் ஓடுகிறது. அங்கே நர்ஸாக இருக்கும் நாத்தனார்தான் பெரிய டாக்டரிடம் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள்.

"அங்க ஓடிட்டுதானே இருக்கு? பெட்டி மட்டம்னு கம்பெனி மேல போடு. நீ போய் உளறினா என் தங்கச்சி தலைதான் உருளும்" என்றார் கணவர்.

"நூறுதான் தாங்கும்னு அது மூஞ்சியிலயே எழுதியிருக்குங்க. நூத்தாறு குடுத்தது நான். இன்னிக்கு அங்க தப்பிச்சது அதிர்ஷ்டம். நாளைக்கு இதவிடக் குளிருமாம்."

பெரிய பெட்டி வெளியூரிலிருந்து வர நான்கு நாள் ஆகும் என்று தெரிந்ததும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"என்ன அண்ணி, கூப்பிடாமலே வந்து நிக்கிறீங்க? அண்ணன் சண்டை போட்டாரா?" என்று நாத்தனார் சிரித்தாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மீட்டரம்மா சொல்லிவிட்டார்.

நாத்தனாரின் சிரிப்பு எங்கோ போயிற்று. "எங்க அண்ணி கணக்குல புலின்னு டாக்டர்கிட்ட வாய் கிழியப் பேசினேனே!"

"தெரியும்மா. இப்பவே ஒரு பேனலக் கழட்டிடறேன். ரெண்டுன்னா எவ்வளவு குளிருனாலும் எழுபத்தஞ்சத் தாண்டாது. ஆனா கரண்ட் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடும். ஏதாவது ஒண்ண நிறுத்தியே ஆகணும்."

"குளிர்பெட்டிய நிறுத்த முடியாது. பிரசவ அறை விளக்கையும் நிறுத்த முடியாது, ஒரு பொண்ணுக்கு வலி எடுத்தாச்சு." அவள் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அத நிறுத்துங்க. நாலு நாளும் வாளியிலதான் சுமக்கணும். சுமக்கற ஆள்ல நீங்களும் ஒருத்தர், அண்ணி."

மீட்டரம்மா கூரைக்கு ஏறி, சுவிட்சை அணைத்து, மூன்றாவது பேனலைப் பிரித்தார். இறங்கியதும் கடைக்குப் போன் செய்தார். "அந்த மாசம் நாம இதே பெட்டி மாட்டின மத்த ஒன்பது வீட்டுக்கும் சொல்லிடுங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள பேனல் சுவிட்ச அணைச்சு வைக்கட்டும்."

"ஒன்பது பேரும் என்னைக் கடிச்சுத் துப்புவாங்க."

"துப்பட்டும்."

பிறகு நாத்தனாரின் மேசையில் உட்கார்ந்து, பெரிய டாக்டருக்குத் தம் கைப்பட எழுதினார். கோடை வெயிலில் மட்டும் அளந்து பெட்டியைத் தேர்ந்தெடுத்தது தம் பிழை என்றும், நர்ஸுக்கு இதில் பங்கில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டார்.

நாத்தனார் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். "இத நம்புவாரா?" என்று மட்டும் கேட்டாள். பிரசவ அறையிலிருந்து யாரோ தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். மீட்டரம்மா எழுந்து வாளியைத் தேடினார்.