வெறும் வயிற்றில் விழுங்கிய குளிசை

என் கணவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சென்ற மாரியில் டொக்டர் புதுக் குளிசை ஒன்று கொடுத்தார். அதைத் தொடங்கிய வாரத்திலேயே அவருக்கு வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. நான் சமைத்த மீன்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, சோறு கறியை நிறுத்தி வெறும் தேநீர் கொடுத்துவந்தேன். குளிசையை மட்டும் அவர் தவறவிடவில்லை.

நிலைமை மோசமாகவே, மூதூரிலிருந்து லோஞ்சில் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். நடுக்கடலில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"வாந்திபேதி போல கிடக்கு" என்று யாரோ சொன்னதும், பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அவருடைய கை குளிர்ந்துபோயிருந்தது. கரை சேருமட்டும் உயிர் தங்குமா என்று நினைத்தபடி அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரைச் சோதித்துப் பார்த்த டொக்டர், "புதுசா ஏதும் குளிசை குடிக்கிறாரா?" என்று கேட்டார்.

"ஓம், ஐயா. சீனிக்கு. விடிய எழும்பின உடனே குடிக்கிறவர்."

"வெறும் வயித்திலயா? அந்தக் குளிசை சில பேருக்கு வயித்தைக் குழப்பும். சாப்பாட்டோட குடிக்க வேணும். இது வாந்திபேதி இல்லை, பயப்படாதேங்கோ."

சோற்றையும் நிறுத்தி வயிற்றை இன்னும் வெறுமையாக்கியது நான்தானே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. டொக்டர் சேலைன் ஏற்றி, குளிசையின் அளவையும் குறைத்தார். சில நாட்களில் வயிறு அடங்கியது.

இப்போதெல்லாம் பிட்டும் கறியும் பீங்கானில் வைத்த பிறகுதான் குளிசைப் போத்தலை எடுக்கிறேன். "சாப்பாடு எனக்கோ, குளிசைக்கோ?" என்று அவர் முணுமுணுப்பார். யார் எந்த மருந்து தந்தாலும், எப்போது குடிப்பது, வயிற்றை என்ன செய்யும் என்று கேட்காமல் நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை.