கடைசியில் வைக்கும் புள்ளிகள்

நான் படம் வரையப் பழகியது ஓர் இத்தாலியரிடம். அவர் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். நான் வாவிக்கரை ஊரான தேற்றாத்தீவில் சித்திரம் படிப்பிக்கிறவள். படிக்கிற காலத்தில் நூலகப் புத்தகம் ஒன்றில் அவருடைய படங்களைக் கண்டேன். அவருடைய ஊரையும் வாவிதான் சூழ்ந்திருந்தது. அந்த ஊர் ஓவியர்கள் மாளிகைகளைப் பளபளவென்று தீட்டி, ஊர் பார்க்க வந்த சீமான்களுக்கு விற்றார்கள். அவரும் விற்றார், வயிற்றைக் கழுவ வேண்டுமே. ஆனால் இடைக்கிடை சாம்பல் நிறத் தண்ணீர், ஒரு தோணி, அதைத் தள்ளுகிற ஒருவன் என்று மட்டும் வரைந்துவைத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவர் முதலில் வானத்தையும் தண்ணீரையும் கரையையும் முடித்துவிடுவார். அது காய்ந்த பிறகு மேலே நாலைந்து புள்ளி வைப்பார். அவை ஆட்களாகி வேலை பார்க்கும். நானும் அப்படியே வரைந்துவந்தேன்.

எங்கள் வாவிக்கரையில் ஹோட்டல் கட்டிய முதலாளி, வரவேற்பு மண்டபத்துக்கு வாவியைப் பெரிதாக வரைந்து தரச் சொன்னார். வரைய வரைய வந்து பார்ப்பார். நானும் பெருமைப்பட்டு என் முறையை விளக்கிச் சொன்னேன். தோணித்துறையை வரைந்தேன். இடுப்பளவு தண்ணீரில் வலை வீசுகிறவர்களைக் கடைசியில் வைத்தேன். அதில் ஒரு புள்ளி என் அண்ணன். அந்தத் துறைதான் அவருக்குச் சோறு.

அந்தப் புள்ளிகள் காயுமுன்பே துறையை மறித்து ஹோட்டல் வேலி போட்டது. தோணிக்காரர் பிரதேச செயலகத்தில் முறையிட்டார்கள். அங்கே துறையே இருந்ததில்லை என்று ஹோட்டல் பக்கம் பதில் சொன்னது. அடுத்த நாள் முதலாளி என் வீட்டு வாசலில் நின்றார்.

"நீங்கதானே சொன்னீங்க டீச்சர், ஆக்கள மேலதான் வைக்கிற எண்டு. எடுத்துவிடுங்க. படம் அப்பிடியே இருக்கும்தானே."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. டர்ப்பன்டைன் தோய்த்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அண்ணன் போய்விடுவார், கீழே வாவி குறையில்லாமல் கிடக்கும். என் இத்தாலியர் மீதே கோபம் வந்தது. ஆட்களைக் கடைசியில் வைக்கிறவன், அவர்களை எடுக்கவும் வழி வைத்துவிட்டுப் போகிறான்.

அந்தப் படத்தைக் கொடுக்கவில்லை. சட்டத்தில் புதுத் துணி இழுத்துக் கட்டி ஆட்களை முதலில் வரைந்தேன். வெறும் வெள்ளையில் அண்ணன், அவர் வலை, தோணிகள். பிறகுதான் தண்ணீர், அதுவும் அவர்களுடைய விளிம்போடு நின்றது. அண்ணன் பார்த்துவிட்டு, வயிற்றைக் கொஞ்சம் குறைத்திருக்கலாமே என்றார். குறைக்கவில்லை.

படத்தைத் துறைக்குக் கொண்டுபோய், எல்லோரும் பார்க்க வேலியில் சாய்த்துவைத்தேன். முதலாளி வந்தார். ஆட்களை மட்டும் எடுத்துத் தந்தால் இப்போதே மண்டபத்தில் மாட்டுவதாகச் சொன்னார்.

"இவங்களுக்குக் கீழ தண்ணி இல்ல முதலாளி," என்றேன். "இவங்கள எடுத்தீங்கெண்டா வாவியில ஓட்டைதான் கிடக்கும்."

அவர் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார்.

செயலகத்தில் விசாரணை இன்னும் முடியவில்லை. வேலியும் நிற்கிறது. அண்ணன் காலையில் வந்து அந்த வேலித் தூணிலேயே தோணியைக் கட்டுகிறார்.