கிளாரம்மாள் வேடம்

காலையில் மகளின் அறைக்குள் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்தாள். இன்று அவள் கன்னியர் மடத்தில் சேரக் கிளம்புகிறாள்.

கொடைக்கானலில் நான் ஐந்தாவது படித்தபோது பள்ளி நாடகத்தில் எனக்குக் கிளாரம்மாள் வேடம். பணக்கார வீட்டை விட்டு ஓடிப்போய், கூந்தலை வெட்டிக்கொண்டு, ஏழைக் கன்னியருக்கென ஒரு சபையைத் தொடங்கிய புனிதை. மேடையில் வெட்டுவதற்காக என் பின்னலோடு சவுரிமுடி சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பள்ளங்கி கிராமத்துத் தோட்டத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்த அப்பாவுக்கு அது தெரியாது.

பின்னல் தரையில் விழுந்ததும், நிஜமாகவே என்னைக் கன்னியாஸ்திரீ ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்து அப்பா மேடையேறி என் கையைப் பிடித்து இழுத்தார். கதையிலும் அடுத்து அதுதான் வரும்: உறவினர்கள் இழுப்பார்கள், கிளாரம்மாள் கோயில் பீடத்தின் துணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள்.

"தகப்பன் வேசம் கட்டுனவரு நல்லா நடிக்கிறாருல்ல," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"பீடத்துணிய விட்டுறாத புள்ள," என்று திரைக்குப் பின்னாலிருந்து சிஸ்டர் கிசுகிசுத்தார்.

"வீட்டுக்கு வா தாயி. ஒன்னைய இவங்ககிட்ட விடமாட்டேன்," என்றார் அப்பா. அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"அது சவுரிப்பா," என்றேன். அவர் காதில் விழவில்லை.

இப்போது மகள் பையோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"வழி விடுங்கம்மா. பஸ் போயிரும். எம்புட்டு நேரம் இப்படியே நிப்பீங்க?"

என் கம்பளிக் குல்லாவைக் கழற்றி, அவள் காது மூடும்வரை இழுத்து மாட்டினேன். "தலையில குளிரடிக்கும்டி," என்று சொல்லிவிட்டு விலகினேன்.