கழுவி அடுக்கிய காலிப் பாத்திரங்கள்

போன வாரம் ஒரு நாள் காலையில், என் வீட்டுக்குள் நானே ஒளிந்துகொண்டு நின்றேன். கதவுக்குப் பின்னால், மூச்சைப் பிடித்தபடி... வெளியே நின்றது போலீஸா? இல்லை. பக்கத்து வீட்டு தேவகி அக்கா. கையில் சூடாக மீன் குழம்பு!

விஷயம் இதுதான். என் மனைவி ஜெஸிக்கு வயிற்றில் ஆபரேஷன். நான்தான் கூடவே இருந்தேன் என்பதால் திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் மளிகைக் கடைக்குப் பூட்டு. கையிருப்பு முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. (பத்தி எழுதியே பிழைக்கிறேன் என்று நினைத்தீர்களா? நல்ல மனசு உங்களுக்கு!) 'புண் ஆற வேண்டுமென்றால் நன்றாகச் சாப்பிட வேண்டும்' என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்கோ சுடுதண்ணீர் மட்டும்தான் வைக்கத் தெரியும்.

தினமும் காலையில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, இவளுக்கு இன்றைக்குச் சாப்பாட்டுக்கு வழிகாட்டும்." வழியும் பிறந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் தேவகி அக்கா, வியாபாரம் முடிந்து வந்ததும் காரம் குறைத்துக் குழம்பு வைத்துக் கொடுத்தார். எதிர் வீட்டிலிருந்து ரசம் வந்தது, மாடியிலிருந்து இட்லி.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஆரம்பத்தில் கடையில் மிச்சமிருந்த சர்க்கரை, பயறு என்று ஏதாவது போட்டுக் கொடுத்தேன். கொடுத்துப் பழகிய கை அல்லவா... ஒரு கெத்து! கடை அலமாரி காலியானதும் கெத்தும் காலி. பாத்திரங்களைக் கழுவிக் கழுவி ஷெல்ஃபில் அடுக்கினேன். எந்த முகத்தோடு வெறுமனே நீட்டுவது? அதனால்தான் அந்த ஒளிவு மறைவு.

"அக்கா, கதவு திறந்துதான் இருக்கு, வாங்க!" - படுக்கையிலிருந்து ஜெஸி.

காட்டிக்கொடுத்துவிட்டாள். அக்கா உள்ளே வந்தார். குழம்பு இருந்தது ஒரு பழைய டால்டா டப்பாவில். ஷெல்ஃபில் அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, என் ஏனம் அல்லாம் இங்கதான் கீதா?"

"வெறுமனே எப்படிக்கா கொடுக்கறது? போட்டுக் கொடுக்க வீட்ல ஒண்ணுமில்ல..."

அழுதேவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அக்கா சமாதானமெல்லாம் சொல்லவில்லை. எரிந்து விழுந்தார். "உன் சக்கரை யாருக்கு வோணும்? எனக்கு ஏனம்தான் வோணும். அல்லாத்தையும் நீயே அடுக்கி வெச்சிகினா, நாளைக்கி கொயம்பு எதுல எட்த்துகினு வர்றது? இன்னிக்கே டால்டா டப்பா கண்டுபிடிக்கறதுக்குள்ள பேஜாராப் பூட்ச்சி!"

ஜெஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் வலித்ததால் திட்டவும் செய்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுளிடம் கேட்டால் கடவுளே நேரில் வந்து தருவார், யாருக்கும் தலைகுனிய வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன் போல. அவரோ மீன்கூடை சுமக்கிற ஒரு பெண்ணை அனுப்பினார். நானோ கதவுக்குப் பின்னால்! கொடுக்கும்போது மட்டும்தான் நான் நல்லவன் என்றால், அது என்ன விசுவாசம்?

மறுநாள் காலை தேவகி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் காலிப் பாத்திரம். வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா அதை வாங்கி, அடுப்பிலிருந்து நேராகக் குழம்பை ஊற்றி, என் கையிலேயே கொடுத்தார். அன்றைக்கு ஜெஸி இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இத்தனை நாளும் நான் ஜெபித்தது சாப்பாட்டுக்காக... பாத்திரங்களையெல்லாம் நானே அடுக்கி வைத்துக்கொண்டு!