இரண்டு சிப்புகளுக்கு நடுவே

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் பதித்திருந்த நீளமான தொடுதிரையை நினைத்தால், அதன்மேல் அழுத்தி அழுத்தி வெளுத்த ஒரு விரல்நுனிதான் எனக்கு முதலில் தெரிகிறது. அது செக்கிங் அக்காவின் விரல். பீஸை விரித்துப் பார்த்து, ஓட்டை, ஊசிக்கோடு, கறை என்று கண்ட பழுதுக்கான கட்டத்தைத் திரையில் தொட்டுக் காட்டுவது அவர் வேலை. தொடாவிட்டால் பீஸ் நல்லதென்று பதிவாகிவிடும். தொட்டால் வரும் சத்தமோ மிஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அந்தத் திரைகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் நான்.

ஒருமுறை கறை படிந்த டி-சர்ட்டுகள் வெளிநாடு வரை போய்த் திரும்பி வந்தன. அக்காவின் மேசையில்தான் அவை தேறியிருந்தன. "முருகன் சத்தியமா ஒவ்வொண்ணையும் தொட்டனுங்க" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான்கு மூலையிலும் நடுவிலும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "கறை எடுக்கற மருந்துல வெரலே தேஞ்சு போச்சுங்க. ரேஷன் கடையிலயே இவங்க ரேகை உழுகாது" என்றார். பல்லடத்தில் இன்னொரு மிஷின் நின்றுபோய் எனக்குப் போன்மேல் போன். "ஆமாங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, திரையில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் திரை ரேகையைப் பார்ப்பதே இல்லை. விரல் நெருங்கும்போது மின்னூட்டத்தில் உண்டாகும் சின்ன மாறுதலைத்தான் பார்க்கும். இது தெரிந்தும் எழுதினேன். மறுநாள் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அதே மேசையில் வேறொரு பெண்ணுக்கும் அதே புகார் வந்தது. அவள் விரல் தேயாத விரல். அன்றுதான் மேசையைக் கழற்றினேன். நீளமான திரை என்பதால் அடியில் மூன்று சிப்புகள், ஆளுக்கொரு பகுதியைக் கவனிக்கும். இரண்டு பகுதிகள் சேரும் கோட்டில் விரல் வைத்தால் இரண்டு சிப்புக்கும் பாதிப் பாதி விரல்தான் தெரியும். ஒன்றுக்கொன்று சொல்லிக் கூட்டிக்கொண்டால்தான் அது முழு விரல். சொல்லிக்கொள்ளும் ஒயர் ஒரு பக்கம் கழன்றிருந்தது. இரண்டு சிப்பும் தங்கள் பங்கு பாதியை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டன. கறை என்ற கட்டம் சரியாக அந்தக் கோட்டின்மேல் இருந்தது. ஒயரை நகத்தால் அழுத்தினேன், சரியாகிவிட்டது.

அவிநாசிபாளையத்தில் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். கோழிப்பண்ணையில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மேலதான் தப்புன்னு நானே நம்பிட்டனுங்க தம்பி. கண்ணு மங்கிப்போச்சாட்ட இருக்குதுன்னு டாக்டர்கிட்டக்கூடப் போனேன்" என்றார். பிறகு, "இதைக் கம்பெனியில எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

எழுதினால் என் பழைய கையெழுத்து பொய்யாகிவிடும். மேசையைக் கழற்றிய அன்று நான் எழுதிக் கொடுத்தது, ஒயர் சரிசெய்யப்பட்டது என்ற ஒரே வரி.

"குடுத்துட்டேனுங்க அக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.