மாமரத்தடியில் மோண்டோ

மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில், ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், நாங்கள் வாங்கியது வரிசையின் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கூடுதலாகக் கிடைத்தது. முன்பு இருந்தவர்கள் அதில் ஒரு மாமரம் வைத்திருந்தார்கள். காய்ப்பது கொஞ்சம், நிழல்தான் அதிகம். நடுமத்தியானத்தில்கூட அங்கே வெயில் விழாது. வீடு பார்க்க வந்த அன்று எனக்குப் பிடித்தது அந்த நிழல்தான். குடிவந்த பிறகு தொல்லை கொடுத்ததும் அதுதான்.

நிழலில் புல் நிற்கவில்லை. பாய்போல் சுருட்டி லாரியில் வந்த புல்லைப் பதித்தோம். சில மாதங்களில் வெளுத்து, மெலிந்து, வெறும் மண்ணாகிவிட்டது. மறுபடி பதித்தோம், அதற்கும் அதே கதி. மழை பெய்தால் சேறு தெறித்துச் சுவரெல்லாம் பழுப்பாகும். மண் கரைந்து வீட்டைச் சுற்றி ஓடும் லோங்காங் கால்வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

"பேசாம சிமெண்டு போட்டுரலாம்" என்றார் கணவர். அவர் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஒன்றைச் சரிசெய்தால் மறுபடி அதைத் தொடக்கூடாது என்று நினைப்பவர்.

எனக்கு மனம் வரவில்லை. மலாக்கா டவுனில் நாள் முழுக்க அலுவலகத்துக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறவள் நான். சமையலறை சன்னலைத் திறந்தால் பச்சையாக எதையாவது பார்க்க வேண்டும் போலிருக்கும். வேர் மேல் சிமெண்டு போட்டால் மரமும் தாங்காது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காடுக் என்ற செடியின் தண்டுகள் கொஞ்சம் கொடுத்தார். வெற்றிலை மாதிரியே இருக்கும், நிழலில் நன்றாகப் பரவும், இலையைச் சமையலுக்கும் எடுக்கலாம். ஈர மண்ணில் குத்தி வைத்தேன். மழை பிடித்துக்கொண்டதும் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, மரத்தடி முழுவதையும் மூடிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அலுவலகத்தில் படம் காட்டாத ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாருக்கு, காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். கேட் ஓரத்தில் கறுப்புக் குப்பைப் பைகள் வீங்கிக்கொண்டு நின்றன. மரத்தடியில் வெறும் மண். கணவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"பாம்பு வந்து படுக்கும்."

"தாமான்ல எங்கங்க பாம்பு? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் எங்களுக்குள் பேச்சு குறைவு. சோறு போடுவேன், சாப்பிடுவார், அவ்வளவுதான். நான் கோபப்பட்டது செடிக்காக மட்டும் இல்லை. என்னிடம் சொல்லாமல் செய்ததுதான் உறுத்தியது.

கடைசியில் அவரே ஆரம்பித்தார். சாயங்காலம் தேநீரோடு போர்ச்சில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேல் ஒரு சிறிய விமானம் இறங்கிப் போனது. அதன் சத்தம் அடங்கியதும், "எங்க அக்கா காலு ஏன் அப்படி இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவருடைய அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். லேசாகச் சாய்ந்து நடப்பார். சின்ன வயதில் தோட்டத்தில் ஏதோ கடித்தது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

நியாலாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர்கள் வளர்ந்தார்கள். பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டிருந்த காலம். கன்றுகளுக்கு நடுவே மண் காயாமல் இருக்க ஒரு கொடியைப் பரவ விட்டிருந்தார்களாம். தரையே தெரியாத அடர்த்தி. அதன் வழியாக அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடம் போவார்கள். ஒரு நாள் முன்னால் போன அக்கா "ஆ" என்று உட்கார்ந்துவிட்டார். கணுக்காலில் பாம்பின் பல் பதிந்திருந்தது.

"எனக்குத் தூக்கத் தெம்பு இல்ல. லயத்து வீடுங்க பக்கம் ஓடினேன். அக்கா அந்தக் கொடிக்குள்ளயே தனியா ஒக்காந்திருந்துச்சு. நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடினேன். கொஞ்ச தூரம் போனதும் தல மட்டும்தான் தெரிஞ்சிச்சு, அப்புறம் அதுவும் தெரியல."

யாரோ லாரியில் ஏற்றி மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணி பிழைத்துக்கொண்டார். ஒரு கால் விரல் போய்விட்டது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. கோபத்தை அதற்குமேல் பிடித்து வைக்க என்னால் முடியவில்லை.

"அப்ப எப்படிப்பட்ட செடின்னா ஒங்களுக்குச் சரி?" என்றேன்.

அவர் யோசித்தார். "கால் வைக்கிற எடம் கண்ணுக்குத் தெரியணும் லா. அது போதும்."

அப்படித்தான் மோண்டோ வந்தது. நர்சரியில் தாழ்வாக வளரும் நிழல் செடி வேண்டும் என்று கேட்டதும் அதைக் காட்டினார்கள். பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஆனால் புல் இல்லை. கரும்பச்சை நிறத்தில் நூல் போன்ற இலைகள், விரல் உயரத்துக்கு மேல் போகாத குட்டை வகை. வெட்டிவிட வேண்டியதில்லை, எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

மண் இறுகிக் கிடந்தது. மாமரத்து வேரில் படாமல் கிளறி, மக்கிய உரம் கலந்தோம். தொட்டியிலிருந்து எடுத்த கொத்தை வேரோடு சின்னச் சின்னதாகப் பிய்த்து, நடுவில் இடம் விட்டு நட்டேன். கணவர் நடுவே கற்பலகைகளால் ஒரு பாதை போட்டார். நான் கேட்டது ஒற்றையடிப் பாதை. அவர் போட்டதில் மோட்டார் சைக்கிளே போகலாம்.

மோண்டோவைப் போல் மெதுவான செடியை நான் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் வைத்தது வைத்தபடியே நின்றது. "இது உயிரோடதான் இருக்கா?" என்று அவர் அடிக்கடி கேட்பார். இடைவெளியில் களை முளைத்துக்கொண்டே இருந்தது. வார இறுதிகளில் குந்தி உட்கார்ந்து கையால் பிடுங்குவேன். இரண்டாவது வருஷத்தில்தான் மண்ணுக்கடியில் வேர் ஓடி, பக்கத்தில் புதுக் கொத்துகள் தலைகாட்டின. அதன் பிறகு சேறு தெறிப்பது நின்றது.

மோண்டோ தரையை மூடிவந்த சமயத்தில் நிஜமாகவே பாம்பு வந்தது. பின்பக்கம் துணி எடுக்கப் போனவள், வாஷிங் மெஷின் அடியில் தடியாக ஒன்று சுருண்டு கிடப்பதைப் பார்த்துக் கத்திவிட்டேன். மலைப்பாம்பு. கணவர் ஓடி வந்து என்னை வீட்டுக்குள் இழுத்தார், கதவைச் சாத்தினார், போம்பாவுக்குப் போன் செய்தார். தீயணைப்பு ஆட்கள் வந்து அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோகும்வரை அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வண்டி போன பிறகுதான் படியில் உட்கார்ந்தார். எழுந்து உள்ளே வர வெகுநேரம் ஆனது.

இனி மோண்டோவும் போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் அவர் வாங்கி வந்தது கம்பி வலை. பின்பக்கத்து லோங்காங் வாயில் அதை இறுக்கிப் பொருத்தினார்.

"அது லோங்காங்ல வந்துச்சு. பின்னால பூரா சிமெண்டுதானே. செடி என்ன பண்ணும்?" என்றார்.

செய்தி கேட்டு அடுத்த வாரம் அண்ணி வந்தார். காப்பி குடித்துவிட்டு மாமரத்தடிக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதையை விட்டு இறங்கி மோண்டோ மேல் நடந்தார்.

"அக்கா, கல்லு மேல நட" என்றார் கணவர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அண்ணி நின்று திரும்பினார். "என்னா தம்பி, இன்னுமா அதையே நெனச்சிக்கிட்டு இருக்க?"

"ஒன்ன விட்டுட்டு ஓடினேன்ல."

"நீ ஓடினதாலதானே லாரி வந்துச்சு. நீயும் என் பக்கத்துல ஒக்காந்து அழுதிருந்தா நான் இன்னிக்கு இருப்பேனா?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டச் சாமான் வைக்கும் கொட்டகைப் பக்கம் போனார். நான் சமையலறை சன்னலில் நின்றிருந்தேன், வெளியே போகவில்லை. திரும்பி வரும்போது மண்வெட்டி கொண்டுவந்தார். நல்ல அடர்த்தியாக இருந்த இடத்தில் ஒரு கொத்தைத் தோண்டி, அக்காவிடம் நீட்டினார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் வையி. ஆனா ரொம்ப லேட்டாதான் வரும். பிடுங்கிப் போட்டுராத."

"நீ பிடுங்காம இருந்தா சரி" என்றார் அண்ணி. காடுக் கதையை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

இப்போது அண்ணி வீட்டு ரம்புத்தான் மரத்தடியிலும் மோண்டோ இருக்கிறது. அங்கே நத்தை தொல்லை, அதனால் அடிக்கடி போன் வரும். எங்கள் வீட்டில் சருகுதான் வேலை வைக்கிறது. வாரினால் இளங்கொத்துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கையால்தான் பொறுக்க வேண்டும். போன வருஷம் கணவர் ஓய்வு பெற்றார். காலையில் ஒரு குட்டை நாற்காலியைப் போட்டுக்கொண்டு சருகு பொறுக்குவது அவர்தான். கற்பாதையின் இரண்டு ஓரத்துப் பலகைகளையும் சமீபத்தில் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் நடுவதற்காக, மழைக்குக் காத்துக்கொண்டு, பிய்த்த கொத்துகள் ஈரச் சாக்கில் இருக்கின்றன.